பாஸ் ஆனவர்கள் வந்த பேருந்து

நெல்டா ஒசூனா நடந்து யாரும் பார்த்ததில்லை. எப்போதும் ஓட்டம்தான். லாஸ் பாலோமாஸ் சமுதாயக் கல்லூரியில் அவர் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய செருப்புச் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அந்தச் சத்தம் இன்னும் வேகமெடுக்கும். ஊரைச் சுற்றியுள்ள தோப்புகளில் இயந்திரங்கள் பாதாம் மரங்களைப் பிடித்து உலுக்க, வானம் முழுக்கத் தூசி பறக்கும். கல்லூரிக்குள் நெல்டா மாணவர்களைப் பிடித்து உலுக்குவார்.

அவர் வெளிநாட்டு மொழித் துறையின் தலைவர். ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீசியம், சைகை மொழி என்று நான்கு மொழிகள். இதில் ஸ்பானிஷை வெளிநாட்டு மொழி என்று சொன்னால் ஊரே சிரிக்கும். பாதி ஊர் தூக்கத்தில் உளறுவதே அந்த மொழியில்தான். தலைவர் என்றால் பெரிய நாற்காலி என்று நினைக்க வேண்டாம். யார் எந்த அறையில் எப்போது பாடம் நடத்துவது என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் என்று ஓர் ஆசிரியர் விடிகாலையில் போன் செய்தால் மாற்று ஆள் பிடிக்க வேண்டும். பிரெஞ்சு ஆசிரியைக்கு அறை குளிர்ந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள், குளிராவிட்டாலும் இவரைத்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைவர் தேர்தல் நடக்கும். "யார் நிக்கறீங்க?" என்று கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்ப்பார்கள். நெல்டாவுக்குக் கூரையைப் பார்க்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் அவரே.

பாடம் நடத்துவதிலும் அவருக்கென்று ஒரு வழி உண்டு. வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த பிள்ளைகள் சுலபமாக மார்க் வாங்கலாம் என்று, புதிதாகக் கற்பவர்களுக்கான ஸ்பானிஷ் பாடம் ஒன்றில் வந்து ஊமை போல உட்காருவார்கள். முதல் நாள் நெல்டா உள்ளே வந்ததும் ஒரு கிளியையும் ஒரு மாமியாரையும் பற்றி மூச்சு விடாமல் ஸ்பானிஷில் ஒரு நகைச்சுவை சொல்வார். சிரித்தவர்கள் அகப்பட்டார்கள்.

"நீ சிரிச்சியா?"

"இல்ல மிஸ், இருமினேன்."

"ரொம்ப அழகா இருமினே. பையை எடு. மாடியில பாடம் மூணு நடக்குது, அங்க போய் இருமு."

அவர் இந்தக் கல்லூரிக்கு வந்ததே தற்செயல்தான். பத்தொன்பது வயதில் தக்காளி ஆலையில் அம்மாவோடு நின்று, ஓடும் பட்டையில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சித்தி மகள் ஒருத்தி அழகுக்கலை படிக்க விண்ணப்பம் போட வேண்டும் என்று துணைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் வரிசையைப் பார்த்து வெறுத்துப்போய்த் திரும்பிவிட்டாள். நெல்டாவுக்குத் திரும்பிப் போக பஸ் இல்லை. எந்த வரிசை சின்னது என்று பார்த்தார். பிரெஞ்சு வரிசையில் ஆளே இல்லை. மேசைக்குப் பின்னால் நின்ற அம்மாள் மட்டும் கையை நீட்டி இவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, வா! நீதான் பதினைஞ்சாவது ஆள். நீ வந்தா வகுப்பு நடக்கும்!" என்றாள். அதுவரை யாரும் நெல்டாவிடம் அவர் வந்தால்தான் ஒன்று நடக்கும் என்று சொன்னதில்லை. அன்று ஒட்டிக்கொண்டது, இன்றும் விடவில்லை.

பதினைந்துதான் கணக்கு. வகுப்பில் பதினைந்து பேர் சேராவிட்டால், செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்த வகுப்பை ரத்து செய்துவிடுவார்கள். அப்படி ஒரு மொழி ஒரு செமஸ்டர் உட்கார்ந்துவிட்டால், பிறகு எழுந்ததாகச் சரித்திரமில்லை. ஜெர்மன் அப்படித்தான் போனது. நெல்டா தலைவரான முதல் வருடம் அது. ஜெர்மன் வகுப்பில் மாட்டியிருந்த வரைபடம் இன்னமும் அவர் அறை மூலையில் சுருண்டு நிற்கிறது. தூக்கிப் போடவும் மனமில்லை, விரித்துப் பார்க்கவும் மனமில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பிடிவாதம் வந்தது. கல்லூரியின் பாடப் பட்டியலிலிருந்து தன் துறைப் பாடம் ஒன்றைக்கூட எடுக்க விடமாட்டார். போர்ச்சுகீசியம் பாடம் நான்கு என்று ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தது. ஒரு நாளும் நடந்ததில்லை. பாடக் குழு கூடும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள், "இதை எடுத்துடலாமா, நெல்டா?" என்று.

"இருக்கட்டுமே! சோறா கேக்குது?"

குழுவும் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

இந்த ஆகஸ்டில் ஆபத்து வந்தது போர்ச்சுகீசியம் பாடம் மூன்றுக்கு. ரத்து நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீன் டுவைட் கெல்சோ அவரைக் கூப்பிட்டனுப்பினார். டுவைட் முன்பு மல்யுத்தப் பயிற்சியாளர். கழுத்தும் தலையும் ஒரே அகலம். மனுஷர் நல்லவர், ஆனால் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"நெல்டா, ஆறு பேர்."

"இன்னும் ஒரு வாரம் இருக்கு, டுவைட்."

"போன வாரமும் ஆறுதான்."

"குறையலையே!"

டுவைட் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, "மல்யுத்தத்துல ரெண்டு தோளும் தரையில பட்டா ஆட்டம் முடிஞ்சது. உங்க போர்ச்சுகீசியத்துக்கு ஒரு தோள் பட்டாச்சு" என்றார்.

"இன்னொரு தோளை நான் பிடிச்சுட்டிருக்கேன்ல? விடமாட்டேன்" என்று எழுந்தவர், கதவைத் தாண்டுமுன் ஓடத் தொடங்கிவிட்டார்.

போர்ச்சுகீசிய ஆசிரியர் எலீடியோ அன்றே போன் செய்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று கல்லூரிகளில் பகுதிநேரமாகப் பாடம் எடுப்பவர். வீட்டில் இருப்பதைவிடக் காரில் இருப்பது அதிகம்.

"நெல்டா, வடக்கே இருக்கற கல்லூரியில எனக்கு முழு வாரமும் வகுப்பு தர்றேங்கறாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். உங்க வகுப்பு நடந்தா வரலைன்னு சொல்லிடுவேன். இல்லேன்னா..."

"இல்லேன்னாங்கற பேச்சே கிடையாது!"

"உங்களுக்கு இல்லேன்னா தெரியாதுன்னு எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமே."

எலீடியோ போய்விட்டால் சுற்றுவட்டாரத்தில் வேறு போர்ச்சுகீசிய ஆசிரியர் இல்லை. அப்புறம் பாடம் ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. மூலையில் ஜெர்மன் வரைபடத்துக்குத் துணையாக இன்னொரு வரைபடம் வந்து நிற்கும்.

நெல்டா பதிவு வரிசைக்குப் போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. வாகன நிறுத்தம் வரை நீண்ட வரிசையில் பழம் விற்பவர் போல நடந்து நடந்து கேட்டார்.

"நீ என்ன படிக்க வந்தே?"

"வெல்டிங், மிஸ்." தொப்பியில் மாட்டுத் தீவனத் தூசி படிந்த ஒரு பையன். பெயர் எசெக்கியெல்.

"வேலை?"

"காலையில பால் கறக்கறேன். உர்பானோ பண்ணையில."

"போர்ச்சுகீசியரு பண்ணையா! அவரு பேசறது உனக்குப் புரியுதா?"

"திட்டறது மட்டும் பாதி புரியும் மிஸ். மீதி பாதியிலதான் நல்ல திட்டு இருக்குன்னு நினைக்கறேன். ஸ்பானிஷ் தெரியுங்கறதால முதல் ரெண்டு பாடத்தைப் பரீட்சை எழுதித் தாண்டிட்டேன். ஆனா..."

"ஆனா என்ன ஆனா? மூணுல சேரு! மீதித் திட்டையும் கத்துக்கோ!"

"யோசிச்சுச் சொல்றேன் மிஸ்" என்றான். அந்த வரிசையில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். மாலையில் கணினியில் பார்த்தால் அதே ஆறு.

ஆனால் உர்பானோ என்ற பெயர் நெல்டாவின் தலைக்குள் மணியடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பரிசுத்த ஆவி விழா. போர்ச்சுகீசியம் பேசும் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து இங்கே மாடு வைத்துப் பிழைத்த அத்தனை குடும்பமும் போர்ச்சுகீசிய ஹாலில் கூடும். அவர்களுக்கு வீட்டுப் பேச்சு வரும், மாட்டை அதட்ட வரும். ஆனால் இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்கள் என்பதால் அந்த மொழியில் ஒரு பக்கம் படிக்கத் திணறுவார்கள். எலீடியோவின் வகுப்பு அவர்களுக்குத் தேன். சத்தம் போட்டுச் சண்டை போடலாம், அதையே பாடம் என்பார்.

ஞாயிறு மதியம் நெல்டா ஹாலுக்குள் நுழைந்தபோது நீள நீளமான மேசைகளில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. தட்டில் ரொட்டித் துண்டு, மேலே கொதிக்கக் கொதிக்க மாட்டிறைச்சிச் சாறு, அதன் மேல் புதினா. யார் வந்தாலும் சாப்பாடு இலவசம். சமையலறையை ஆளும் டியோலிண்டா பெரிய கரண்டியோடு ஓடி வந்தாள்.

"மகளே! எலும்பும் தோலுமா நிக்கறியே. உக்காரு முதல்ல. பேச்சு அப்புறம்."

"டியோலிண்டா, வகுப்பை மூடப் போறாங்க."

"யாரு வகுப்பை?"

"எலீடியோ வகுப்பை."

டியோலிண்டாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "உர்பானோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் பேண்டுக் குழு வாசிப்பதை நிறுத்திவிட்டது.

மேடையில் உர்பானோ ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். அந்த ஹாலின் ஏலம் வேறெங்கும் காணாதது. ஓர் இனிப்பு ரொட்டியை ஏலத்தில் எடுப்பவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போனால் மரியாதைக் குறைச்சல். "திருப்பித் தர்றேன், மறுபடி விடு!" என்று மேடைக்கே அனுப்பிவிடுவார். அடுத்தவர் எடுப்பார், அவரும் திருப்பித் தருவார். கன்றுக்குட்டிக்கும் அதே கதிதான். பணமெல்லாம் விழாவுக்கு.

"காலையிலேருந்து இந்த ரொட்டி ஏழு கை மாறியாச்சு, இன்னும் ஒருத்தனும் கடிக்கலை!" என்று உர்பானோ மைக்கில் கத்திக்கொண்டிருந்தபோது டியோலிண்டா அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். நெல்டாவை மேடைக்கு இழுத்தார்.

"கவனிங்க! அடுத்த ஏலம்! எலீடியோ வகுப்புல ஒரு நாற்காலி! திங்கள், புதன் சாயங்காலம்! ஏ.சி. ரூம்! வீட்டுக்காரி தொல்லை கிடையாது! யாரு?"

"நான்!"

"ரெண்டாவது நாற்காலி! யாரு?"

"வீட்டுக்காரன் தொல்லை கிடையாதுன்னா நானும்!" என்று டியோலிண்டா கரண்டியைத் தூக்கினாள். ஹால் அதிர்ந்தது. கைகள் எழும்ப எழும்ப நெல்டாவுக்குத் தலை சுற்றியது. பதினைந்துக்கு வேண்டியது ஒன்பதுதான், அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது! அந்த ஹாலில் முதலில் எழும்பும் கைகள் எப்போதும் அதே கைகள்தான் என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் எங்கே கவனிப்பது?

"நாளைக்கே வந்து பதிஞ்சுடுங்க!" என்றார்.

"நாளைக்கு எப்படி? சோளம் வெட்டு இருக்கே. வெள்ளிக்கிழமை வர்றோம். பேண்டு பஸ் அன்னிக்குச் சும்மா நிக்குது. காலைக் கறவை முடிஞ்சதும் எல்லாரையும் அள்ளிப் போட்டுக் கொண்டாந்துடறேன், டீச்சர்" என்றார் உர்பானோ.

நெல்டா கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பேருந்து வந்தது. வாகன நிறுத்தத்தில் நுழையும்போதே யாரோ ஜன்னல் வழியாக ஊதுகொம்பை நீட்டி ஊதினார்கள். புதிய மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உர்பானோ இறங்கினார், டியோலிண்டா இறங்கினாள், பின்னால் ஒரு கூட்டமே இறங்கியது. கடைசியாக எசெக்கியெல்.

"நீயுமா!"

"முதலாளி ஏறுன்னாரு மிஸ். திட்டிக்கிட்டேதான் சொன்னாரு."

எல்லோரையும் கணினி அறைக்கு ஓட்டிக்கொண்டு போனார் நெல்டா. முதல் நாற்காலியில் டியோலிண்டா உட்கார்ந்தாள். நெல்டா அவள் தோளுக்கு மேலே எட்டிப் பெயரையும் எண்ணையும் தட்டினார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

இந்தப் பாடத்தில் நீங்கள் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள். மீண்டும் சேர முடியாது.

"என்ன சொல்லுது?" என்றாள் டியோலிண்டா, கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

நெல்டா அடுத்த கணினிக்குப் போனார். உர்பானோ. சிவப்பு. அதற்கடுத்தது. சிவப்பு. எசெக்கியெலுக்கு மட்டும் பச்சை விழுந்தது. மினசோட்டாவிலிருந்து வந்து இந்தக் குடும்பங்களில் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட ஒரு மருமகளுக்கும் பச்சை. மீதி அறை முழுக்கச் சிவப்பு.

ஒருமுறை பாஸ் ஆன பாடத்தை மறுபடி எடுக்க முடியாது. அந்த விதியை நெல்டா தினமும் யாருக்காவது சொல்வார். எலீடியோவின் முதல் மூன்று பாடங்களையும் இவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொருவராக எப்போதோ முடித்திருந்தார்கள். அவருக்கும் அது தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைகளைப் பார்த்த பரவசத்தில் எல்லாம் மறந்துபோயிருந்தது. அறை நிரம்பி வழிகிறது. ஆறு பேர் எட்டுப் பேர் ஆகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நெல்டா வாழ்க்கையில் முதல் தடவையாக அசையாமல் நின்றார்.

"டீச்சர்," என்றார் உர்பானோ, "இதுல என்ன கஷ்டம்? எங்க ஹால்ல வாங்கினதைத் திருப்பிக் குடுத்தா மறுபடி ஏலம் விடுவோம். என் பாஸை நான் திருப்பித் தர்றேன். எடுத்துக்குங்க. மறுபடி விடுங்க."

"நானும் தர்றேன்!"

"என்னுதையும் எடுத்துக்குங்க. எனக்கு எதுக்கு அது? சட்டம் போட்டு மாட்டவா போறேன்?"

"திருப்பித் தர முடியாதுங்க" என்றார் நெல்டா.

டியோலிண்டாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாயிருக்கே நியாயம்! மக்கு மாதிரி உக்காந்திருந்தா இன்னிக்கு எடம் கெடைச்சிருக்கும். ஒழுங்காப் படிச்சதுக்கு வாசல்ல நிறுத்தி வைக்கறீங்க. பாஸ் ஆனவங்க அப்புறம் எங்கதான் போறது? சொல்லு மகளே, அடுத்தாப்ல எங்க போறது?"

நெல்டா நிமிர்ந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"எங்க போறதுன்னு கேட்டேன். தப்பா?"

"அடுத்தாப்ல நாலுக்குப் போங்க!" நெல்டா கத்தியே விட்டார். "மூணை முடிச்சவங்க மட்டும்தான் நாலுக்குப் போகலாம்! நீங்க எல்லாரும் முடிச்சுட்டீங்க! ஐயோ, ஒருத்தர் விடாம முடிச்சுட்டீங்க!" அவர் டியோலிண்டாவின் இரண்டு கன்னங்களையும் பிடித்து முத்தம் கொடுத்தார். வருடக்கணக்கில் சோறு கேட்காமல் பட்டியலில் கிடந்த பாடம் நான்கு இதோ எழுந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் அதற்கு ஒரு வகுப்பைக் கணினியில் திறக்க வேண்டும். திறக்கச் சொல்லும் உரிமை டீனுக்கு மட்டும்தான். நண்பகலுக்கு அதிக நேரமில்லை. டீன் அலுவலகத்திலும் இல்லை. செமஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கல்லூரி வழக்கப்படி, நிர்வாகத்தில் பெரியவர்கள் சமைத்து ஊழியர்களுக்குப் பரிமாறுவார்கள். டுவைட் புல்வெளியில் கரி அடுப்பின் முன்னால் நின்று இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்.

நெல்டா ஓடினார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும். கொம்புக்காரர் கொம்பைக் கீழே வைக்கவும் மறந்திருந்தார்.

டுவைட் ஏப்ரனோடு திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். "நெல்டா, என்ன இது? ஊர்வலமா?"

"பாடம் நாலு! போர்ச்சுகீசியம் பாடம் நாலைத் திறந்து விடுங்க!"

"அது ஒரு நாளும் நடந்ததில்லையே."

"நடக்கலைதான். சாகவும் இல்லை!"

"அதுக்குத் தனியா பதினைஞ்சு பேர் வேணுமே."

"வேண்டாம். மூணும் நாலும் ஒரே அறை, ஒரே நேரம், ஒரே ஆசிரியர். போன வருஷம் ஸ்பானிஷுக்கு நீங்களே செஞ்சீங்க. ரெண்டு பாடத்துத் தலையையும் சேர்த்துத்தானே எண்ணினீங்க? எண்ணுங்க! தலையெல்லாம் இங்கதான் நிக்குது!"

டுவைட் இடுக்கியால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினார். உதடு அசைந்தது. அந்த நேரம் பார்த்து டியோலிண்டா அடுப்பருகே போய், "உப்பு பத்தலை. இந்தப் பக்கம் கருகுது, திருப்புங்க" என்றாள்.

"திருப்பறேன், திருப்பறேன். நெல்டா, தலை சரியாத்தான் இருக்கு. ஆனா எலீடியோ ஒத்துக்கணும். ஒரு சம்பளத்துக்கு ரெண்டு பாடத்தைத் தலையில கட்டிட்டேன்னு நாளைக்கு யூனியன் வந்து என் கழுத்தைப் பிடிக்கும்."

"உங்க கழுத்தைப் பிடிக்க எந்தக் கை பத்தும்?" என்ற நெல்டா அதற்குள் போனைப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். எலீடியோவின் குரல் நெடுஞ்சாலைச் சத்தத்தோடு வந்தது.

"சொல்லுங்க நெல்டா. முடிஞ்சுதா நம்ம கதை?"

நெல்டா மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தார். டியோலிண்டா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அதாவது," என்றார் எலீடியோ, "கன்னையும் கறவையையும் ஒரே கொட்டில்ல கட்டி வைக்கச் சொல்றீங்க."

"ஆமா."

"ரெண்டு விதமான வீட்டுப்பாடம் திருத்தணும்."

"நான் திருத்தறேன். எனக்கும் போர்ச்சுகீசியம் படிக்க வரும்."

"உங்களுக்கு வர்ற போர்ச்சுகீசியத்துல ஸ்பானிஷ் வாடை அடிக்குமே. பரவாயில்ல, மூணாம் பாடத்துக்காரங்க நோட்டு மட்டும் உங்களுக்கு. செமஸ்டர் முழுக்க. நடுவுல பிரெஞ்சுல பிரச்சினை, அதுல பிரச்சினைன்னு ஓடக்கூடாது. சாட்சி யாராவது இருக்காங்களா?"

"இருக்கோம்!" என்றது புல்வெளி.

"யாரது?"

"உன் வகுப்புடா, மடையா!" என்று டியோலிண்டா போனைப் பார்த்துக் கத்தினாள். "வண்டியைத் திருப்பு!"

எலீடியோ சிரிக்கிற சத்தம் காற்றில் உடைந்து உடைந்து வந்தது. "வடக்கே வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

டுவைட்டின் இரண்டு கையிலும் கொழுப்பு. நெல்டாவே அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பதிவு அலுவலகத்தை அழைத்து, அவர் காதில் வைத்துப் பிடித்தார். "ஆமா, பாடம் நாலு. இல்ல, நான் விளையாடலை. இப்பவே திற. என்னைச் சுத்தி பால்காரங்க நிக்கறாங்க, திறக்காம விடமாட்டாங்க" என்று டுவைட் சொல்லி முடிப்பதற்குள் உர்பானோ கூட்டத்தைத் திருப்பிக் கணினி அறைக்கு ஓட்டினார். மாடு ஓட்டுகிற அதே அதட்டல். எசெக்கியெல் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

டியோலிண்டா உட்கார்ந்தாள். நெல்டா தட்டினார். பச்சை.

உர்பானோ. பச்சை. அடுத்தது பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் கொம்புக்காரர் ஒருமுறை ஊதினார். பக்கத்து அறையிலிருந்து கணக்கு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு அவரும் நின்று வேடிக்கை பார்த்தார். கடைசிப் பெயர் விழுந்தபோது நண்பகல் அடிக்க இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. புல்வெளியில் இறைச்சி கருகியிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. டியோலிண்டா மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை மாலை நெல்டா அந்த வகுப்பறைக் கதவோரம் போய் நின்றார். ஒரு பக்கம் மூன்றாம் பாடம், மறுபக்கம் நான்காம் பாடம். முதலாளி உர்பானோ நான்கில். அவருடைய ஆள் எசெக்கியெல் மூன்றில். இடையில் ஒரு நடைபாதை. எலீடியோ இரண்டு பக்கமும் மாறி மாறிக் குதித்துக்கொண்டிருந்தார். எசெக்கியெல் ஏதோ ஒரு திட்டுக்குப் பொருள் கேட்டான் போலிருக்கிறது. நான்காம் பாடம் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, உர்பானோ மட்டும் ஜன்னலைப் பார்த்தார்.

"ஒரு விஷயம் இப்பவே சொல்லிடறேன்," என்றார் எலீடியோ. "இதுதான் கடைசிப் பாடம். இதை பாஸ் பண்ணிட்டா அதோட உங்களுக்கு இங்க வேலை முடிஞ்சது."

மடியில் இனிப்பு ரொட்டிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த டியோலிண்டா கையைத் தூக்கினாள்.

"ஃபெயில் ஆனா?"

"ஃபெயில் ஆனா மறுபடி வரலாம்."

"அப்ப நான் ஃபெயில் ஆயிடறேன்."

"அதெல்லாம் நடக்காது. உங்களுக்குப் பாஸ் போடாம விடமாட்டேன்."

"போடு பாக்கலாம்! பேப்பர்ல ஒரு எழுத்து எழுதினேன்னா கேளு! நீ பாஸ் போட்டா ஹால்ல உனக்கு ஒரு கரண்டி சாறு கிடையாது!"

"நானும் ஃபெயில்!" என்றார் உர்பானோ.

"எல்லாரும் ஃபெயில் ஆனா டீன் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு!"

ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். கத்தியது அவ்வளவும் போர்ச்சுகீசியத்தில். எலீடியோ பலகையில் அதையே எழுதிக்கொண்டிருந்தார். நெல்டா கதவோரம் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பாடக் குழு அடுத்த மாதமே கூடுகிறது என்பது ஞாபகம் வந்தது. சட்டென்று திரும்பினார்.

"எங்க ஓடறீங்க, டீச்சர்?" என்று உள்ளேயிருந்து உர்பானோ கேட்டார்.

"பாடம் அஞ்சு எழுத!"